கரை தொட்டது தெரியாமல்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் பெரியவளின் அடிவயிற்றில் ஊறியிருந்த தண்ணீரை இறைத்தோம். மத்தியானம் சின்னவளுக்கு. பெரியவளுக்கு எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஊறும், வயது அப்படி. பிறகு கயிறுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு மேல்தளத்தில் கொக்குகளின் எச்சத்தைக் கழுவினேன். பயணிகள் உட்கார்ந்த பெஞ்சுகளில் இப்போது அவைதான் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கின்றன. டிக்கெட் கிடையாது, நன்றியும் கிடையாது.

பாலம் திறந்த அன்றே, இக்கரைக்கும் அக்கரைக்கும் ஜனங்களை ஏற்றிப்போன பெரியவள், சின்னவள் இரண்டு கப்பலையும் பழைய துறையில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிப்போட்டார்கள். ஆட்களை வேறு வேறு வேலைக்கு அனுப்பினார்கள். எனக்கும் ஒன்று வந்தது. பாலத்துச் சுங்கச்சாவடியில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து சீட்டுக் கிழிக்கும் வேலை. கேப்டனுக்கு! சிரித்துவிட்டு, காவலுக்கே இருந்துகொள்கிறேன் என்றேன். என் கப்பலின் இன்ஜின் அறையில் காலம் தள்ளிய இடி அண்ணனும் இருந்துகொண்டார். இன்ஜின் சத்தத்தில் அவருக்குக் காது முக்கால்வாசி போய்விட்டது. தனக்குக் கேட்காதது உலகத்துக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு கத்துவார். அவர் ரகசியம் சொன்னால் அக்கரையில் திரும்பிப் பார்ப்பார்கள்.

சின்னவளின் சுக்கான் அறையைத் துடைத்தேன். ஜன்னல் திட்டில் அந்தக் கண்ணாடி டம்ளர் இருந்தது. துறையை நெருங்கும்போது அதில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி வைப்பது எங்கள் வழக்கம். கப்பல் கரையைத் தொடும்போது ஒரு சொட்டுச் சிந்தினாலும் கேப்டன் எல்லாருக்கும் டீ வாங்கித் தரவேண்டும். என் மகள் சிறு பெண்ணாக இருந்தபோது டம்ளரை நிரப்புவது அவள் வேலை. நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு ஊற்றுவாள். நான் எத்தனை தடவை டீ வாங்கித் தந்திருக்கிறேன் என்று யாரையாவது கேட்டால், ‘அவங்களா? நல்லா வாங்கித் தந்தாங்க, போங்க’ என்றுதான் சொல்வார்கள். இறங்குகிற ஜனங்கள் தூக்கத்திலிருந்து விழித்து, ‘அட, கரை வந்ததே தெரியலையே’ என்று சொல்லும்போது எனக்கு ஓர் அங்குலம் உயரம் கூடும்.

மார்ச் 7, சனி

மகள் சாப்பிட வந்தாள். நீலச் சீருடை, சட்டைப்பையில் சாவிக்கொத்து. பஸ் ஓட்டுகிறாள். எந்த வழி என்று கேட்டால்தான் எனக்குக் கசக்கும். பாலத்து வழி. இக்கரையிலிருந்து அக்கரைக்கு, அக்கரையிலிருந்து இக்கரைக்கு, நாள் முழுக்க. நான் செய்த அதே வேலை, தண்ணீர் இல்லாமல்.

“நாளைக்கு எனக்குக் காலை ஷிஃப்ட்மா. சும்மா ஒரு ரவுண்ட் வாயேன்.”

“சின்னவளுக்குத் தண்ணி இறைக்கணும்.”

“ஞாயித்துக்கிழமைகூடவா ஊறுது?”

“ஓட்டைக்கு லீவு தெரியாது.”

அவர் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் சிரித்தார். கட்டிய புருஷன் பெண்ணின் பக்கம் சேர்ந்துகொண்டால் வீட்டில் நியாயம் எங்கிருந்து கிடைக்கும்? பாலம் திறந்ததிலிருந்து நான் அதில் கால் வைத்ததில்லை. வைக்கவும் மாட்டேன். யாருக்கும் நஷ்டமில்லையே.

மார்ச் 12, வியாழன்

பெரியவளை இழுத்துக்கொண்டு போனார்கள்.

அக்கரையில், பாலத்தைத் தாண்டி, கடல் முகத்தில் ஒரு சேற்றுக்கரை இருக்கிறது. அங்கேதான் உடைப்பார்கள். அது தெரிந்த சங்கதி. ஆனால் இப்படிக் கொண்டுபோவார்கள் என்று தெரியாது. பின்பக்கத்தை முன்னால் வைத்து, புகைபோக்கிக்குச் சாக்கு மாட்டி, ஒரு குட்டி இழுவைப்படகு தரதரவென்று — அவ எத்தனை லட்சம் பேரைச் சுமந்தவ! பிரசவ வலியோட வந்த பொண்ணுங்களை, புயலுக்கு முன்னாடி ஒரு ஊரையே சுமந்தவ! மாட்டை இழுக்கிற மாதிரி இழுக்கிறானுங்க. கூட ஒரு ஆள் இல்ல. சுக்கான்ல ஒரு கை இல்ல.

துறையில் நின்று பார்த்தேன். அண்ணன் பார்க்கவில்லை. இன்ஜின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்போது சின்னவளின் முறை வரும். உடைப்பதை என்னால் தடுக்க முடியாது. அவ்வளவு அசடு இல்லை நான். ஆனால் அவள் இழுபட்டுப் போகக் கூடாது. தன் இன்ஜினில், தன் ஆட்களோடு, முகத்தை முன்னால் வைத்துப் போகவேண்டும். எனக்கு இது ஒன்று போதும். இதற்குமேல் இந்தத் தண்ணீரிடம் நான் எதுவும் கேட்கமாட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

சின்னவளின் கயிறு நாள் முழுக்க முனகியது. பக்கத்தில் சாய ஆள் இல்லை.

மார்ச் 16, திங்கள்

அலுவலகம் போனேன். மேனேஜர் நல்ல மனிதர்தான். நாற்காலி போட்டார், ஃபேன் போட்டார், விஷயத்தைச் சொன்னதும் முகத்தைத் தொங்கப்போட்டார்.

“கேப்டன், அது உடைக்கப் போற படகு. எப்படிப் போனா என்ன?”

“கப்பல்.”

“சரி, கப்பல். இழுவைக்காரன்கிட்ட பேசி முடிச்சாச்சு. வழியில உங்க இன்ஜின் நின்னுபோய் பாலத்துத் தூண்ல மோதினா யார் பதில் சொல்றது?”

இந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. கூட ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். கப்பல்களைச் சோதித்துச் சான்று தருகிறவர், சர்வேயர். என் மகளைவிடச் சின்னவராக இருப்பார். “இன்ஜினை எனக்கு ஓட்டிக் காட்டுங்க” என்றார். “கட்டின இடத்துலயே, ஒரு மணி நேரம், நிக்காம. ஓடினா நான் கையெழுத்துப் போடறேன். ஓடலைன்னா இழுவைதான். நீங்க வருத்தப்படக் கூடாது.”

வருத்தப்படுவேன் என்றேன். சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

மார்ச் 25, புதன்

ஒன்பது நாளாக அண்ணன் இன்ஜினுக்குள்ளேயே குடியிருக்கிறார். கட்டிப்போட்ட காலம் முழுக்க வாரத்துக்கொரு தடவை நானும் அவரும் கம்பி போட்டு அதைக் கையால் சுற்றிவைத்திருக்கிறோம், துருப்பிடித்து இறுகிவிடாமல் இருக்க. ‘எதுக்கும்மா இந்த வீண்வேலை’ என்று காவல்காரர்களுக்குச் சோறு கொண்டுவருகிறவர்கூடக் கேட்டார். அப்போது பதில் தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

நான் எண்ணெய்த் துணியும் கையுமாக அவருக்கு எடுபிடி. கேப்டன் என்ற மரியாதையெல்லாம் மேல்தளத்தோடு சரி. கீழே போனால், “தங்கச்சி! ஸ்பேனர்னா ஸ்பேனர் குடு, சுத்தியலைக் குடுக்காத!” என்று ஊரே கேட்கும்படி மானத்தை வாங்குகிறார்.

மார்ச் 31, செவ்வாய்

சர்வேயர் வந்தார். மேனேஜரும் வந்தார். அண்ணன் இன்ஜினைக் கிளப்பும் காற்றுக்குழாயைத் திறந்தார். இன்ஜின் ஒரு தடவை இருமியது, இரண்டு தடவை இருமியது, பிடித்துக்கொண்டது! துறை முழுக்கக் கறுப்புப் புகை. கொக்கெல்லாம் பறந்து ஓடின. எனக்குக் கண் கலங்கியதைப் புகையின் தலையில் கட்டினேன்.

கொஞ்ச நேரம்தான். பிறகு குரல் மாறியது. சின்னவளின் குரல் எனக்குத் தெரியும். தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டதுபோல் திக்கினாள், திணறினாள், நின்றுவிட்டாள். டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது. தொட்டியின் மூடி வழியாக மழைத்தண்ணீர் இறங்கியிருக்கவேண்டும். மேலே கொக்கு எச்சத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுவியவளுக்கு அந்த மூடி கண்ணில் படவில்லை.

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சர்வேயர் என்னைப் பார்த்தார். “தொட்டியைக் காலி பண்ணிக் கழுவுங்க. சனிக்கிழமை வர்றேன்” என்றார். “அதுதான் கடைசி.”

ஏப்ரல் 1, புதன்

அண்ணன் இன்று கத்தவே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 4, சனி

ஓடியது!

ஒரு மணி நேரம் கேட்டார்கள். அது முடிந்த பிறகும் அண்ணன் நிறுத்தவில்லை. சர்வேயர் கையைக் காட்டினார், நான் மணியடித்தேன், அண்ணன் காதில் விழவில்லையாம். அவருக்கு வேண்டாதது எதுவும் அவர் காதில் விழாது. கடைசியில் நானே இறங்கிப்போய் அவர் தோளைத் தொட்டேன். முகமெல்லாம் கரி, பல் மட்டும் தெரிந்தது. “பாத்தியா? பாத்தியா?” என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

சர்வேயர் அங்கேயே கையெழுத்துப் போட்டார். “ஆனா ஒரு நிபந்தனை. கப்பல் போற அன்னிக்கு நானும் வருவேன்.”

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். என் முகத்திலும் கரி. கடைத்தெரு வழியாக அப்படியே நிமிர்ந்து நடந்து வந்திருக்கிறேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

நாள் குறித்துவிட்டார்கள். அமாவாசைக்கு அடுத்த நாள், சனிக்கிழமை. அன்றுதான் கடல் நன்றாக ஏறும். அந்த ஏற்றத்தில் கப்பலைச் சேற்றுக்கரைமேல் எவ்வளவு தூரம் ஏற்ற முடியுமோ அவ்வளவு தூரம் ஏற்றவேண்டும். வேகமாகப் போய் முட்டினால்தான் ஏறும். தண்ணீர் வடிந்ததும் தரையில் நிற்பாள். உடைக்கிறவர்களுக்கு அதுதான் வசதி. உடைக்கும் தளத்து மேஸ்திரி போனில் மூன்று தடவை சொன்னார்: “முழு வேகம்மா. கரையைப் பார்த்ததும் குறைச்சிடாதீங்க.” எனக்கென்ன, புரியாதா?

சீருடைக் கோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். பொத்தான் எட்டவில்லை. அவர் வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து அளந்தார்.

“கப்பலைத்தானே கட்டிப்போட்டாங்க? கேப்டனையுமா?”

“பிரிச்சுத் தைங்க. பேசாதீங்க.”

“பிரிக்கிறதுக்கு இதுல துணி இருக்கணுமேம்மா.”

எப்படியோ அக்குளில் பட்டை கொடுத்துத் தைத்துவிட்டார். நல்ல வேலைக்காரர். இதை அவரிடம் சொல்லமாட்டேன். சொன்னால் ராத்திரிச் சாப்பாடுவரை பேசுவார்.

மகள்தான் கேட்டாள். “சரிம்மா. கப்பலை அக்கரையில ஏத்திட்டு நீ இக்கரைக்கு எப்படி வருவ?”

நான் இதை யோசிக்கவே இல்லை. சத்தியமாக யோசிக்கவே இல்லை. வாழ்நாளெல்லாம் போன கப்பலிலேயே திரும்பி வந்தவள்.

“நீந்தி வருவேன்.”

“அந்தக் கோட்டோடவா?” என்றாள். அப்பாவும் பெண்ணும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஏப்ரல் 17, வெள்ளி

பழைய ஆட்களில் இரண்டு பேர் சொல்லாமலே வந்து நிற்கிறார்கள். கயிற்றுக்காரர் இப்போது ஒரு துணிக்கடை வாசலில் காவலாளி. கதவுக்காரர், பயணிகள் இறங்கும் கம்பிக்கதவைத் திறந்து மூடியவர், இப்போது அந்தச் சுங்கச்சாவடிக் கூண்டில். இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். “எங்களை விட்டுட்டுப் போயிடுவீங்களா கேப்டன்?” என்று கயிற்றுக்காரர் கோபித்துக்கொண்டார்.

தளத்தைக் கழுவினோம். ஜன்னல்களைத் துடைத்தோம். பித்தளையெல்லாம் தேய்த்தோம். உடைக்கப்போகிற கப்பலுக்குப் பித்தளை தேய்க்கிற பைத்தியங்கள் நாங்கள் நாலு பேர்தான் இருப்போம். அவளைப் பார்த்தால் நாளை காலை முதல் நடைக்குத் தயாராக இருப்பவள்போல இருக்கிறது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துகொண்டே போகிறது. அவர் போட்ட பட்டை தாங்குமா தெரியவில்லை.

ஏப்ரல் 18, சனி

கப்பலிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். ஏன் கப்பலில் என்றால் —

முதலிலிருந்தே எழுதுகிறேன்.

காலையில் கயிற்றை அவிழ்த்தோம். நீண்ட சங்கு ஒன்று கொடுத்தேன். துறைத் தெருவில் கடைக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். அவரும் ஸ்டூல் போட்டு அதன்மேல் ஏறி நின்று கையில் அளவு நாடாவை ஆட்டிக்கொண்டிருந்தார். சின்னவள் ஒரு நடுக்கமும் இல்லாமல் நழுவி வெளியே வந்தாள். சுக்கான் கையில் வந்ததும் எனக்கு உள்ளங்கையில் உயிர் வந்தது.

பாலத்துக்குக் கீழே நான் இதுவரை போனதில்லை. அது திறந்த அன்றே எங்களைக் கட்டிவிட்டார்களே. தூண்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. சர்வேயர் என் பக்கத்தில் வந்து நின்றார். நடுவில் நிழல் விழுந்தது, ஜில்லென்றிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். எழுதத்தான் வேண்டும்: கீழிருந்து பார்த்தால் பாலம் அவ்வளவு மோசமில்லை. நேராக, நிதானமாக, யாரோ கவனித்துச் செய்திருக்கிறார்கள். வெளியே வந்ததும் மேலே ஒரு பஸ்ஸின் ஹார்ன். நிறுத்தாமல் அடித்துக்கொண்டே போனது. யார் என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை. நானும் சங்கு கொடுத்தேன்.

சேற்றுக்கரை தெரிந்தது. பெரியவள் அங்கே பாதி உடம்போடு நின்றாள். அவள் பக்கத்தில் இரண்டு சிவப்புக் கொடி நட்டு இடைவெளி விட்டிருந்தார்கள். அதற்குள் போகவேண்டும். மணிப்பிடியை முழு வேகத்தில் தள்ளினேன். நான் மேலே பிடியைத் தள்ளினால் கீழே இன்ஜின் அறையில் மணியடிக்கும், அண்ணன் அப்படியே செய்வார். முழு வேகம். கொடிகள் நெருங்கின. டம்ளரில் விளிம்புவரை தண்ணீர். கதவுக்காரர் ஊற்றி வைத்திருந்தார், பழக்கம். கரையில் ஆட்கள் நின்றார்கள். கொடிகள் இரண்டும் துறையின் இரண்டு கம்பங்கள்போல —

என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது. பாதி வேகம். மெதுவாக. நிறுத்து. கொஞ்சம் பின்னால். என் கை தானாகச் செய்தது. அண்ணனும் கீழே தானாகச் செய்தார். சின்னவள் பெருமூச்சு விட்டபடி முன்னால் நகர்ந்து, தொட்டிலில் குழந்தையைப் போடுவதுபோலச் சேற்றில் மூக்கை வைத்தாள். கயிற்றுக்காரர் கயிற்றை வீசினார். கரையில் நின்ற ஓர் ஆள் குழம்பிப்போய் அதைப் பிடித்தும்விட்டார்! கட்ட ஒன்றுமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கதவுக்காரர் கம்பிக்கதவைத் திறந்து, “பார்த்து இறங்குங்க, பார்த்து இறங்குங்க” என்று காலியான தளத்தைப் பார்த்துச் சொன்னார்.

டம்ளரில் ஒரு சொட்டு சிந்தவில்லை.

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு மேஸ்திரியின் ஒலிபெருக்கி: “ஏம்மா! ஏத்தச் சொன்னா நிறுத்திட்டு நிக்கிறீங்களே! பயணியா இறங்கப் போறாங்க?”

அண்ணன் கீழேயிருந்து ஏறிவந்து, “கரை வந்துடுச்சா?” என்று கத்தினார். சர்வேயர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன், சிரிக்கிறார்.

கடல் வடிய ஆரம்பித்துவிட்டது. அங்கேயே இருந்தால் பாதியில் மாட்டிக்கொள்வாள். பின்வாங்கி, எதிரே நங்கூரம் போட்டுவிட்டோம். நாளைக் காலை ஏற்றத்தில் மறுபடியும். மேஸ்திரி இன்னும் கத்திக்கொண்டிருக்கிறார், கேட்கிறது.

வெட்கப்படவேண்டும். தேடிப் பார்த்தேன், வெட்கம் வரவில்லை. மோதத் தெரியாத கப்பல் இது. மோதத் தெரியாத ஆட்கள் நாங்கள். இதைவிடப் பெரிய நற்சான்று யார் தரமுடியும்? அந்தத் தவறால் இவளோடு ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தது. சாப்பிட்டுவிட்டுப் பழைய ஆட்கள் நாலு பேரும் பயணிகள் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தோம். அங்கே நாங்கள் உட்கார்ந்ததே இல்லை. காற்று நன்றாக வருகிறது. சொகுசாகத்தான் கூட்டிப்போயிருக்கிறோம் ஜனங்களை.

ஆனால் நாளைக்கு? நாளையும் விட்டால் கடல் இவ்வளவு ஏறாது. இழுவைப்படகைக் கூப்பிட்டுக் கம்பிவடம் கட்டி இழுப்பேன் என்கிறார் மேஸ்திரி. எந்தக் கோலத்தில் போகக் கூடாது என்று இவ்வளவு பாடுபட்டேனோ அதே கோலத்தில், என் கையாலேயே. என் கை என் பேச்சைக் கேட்குமா?

அண்ணனிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு அவருடைய ரகசியக் குரலில், நங்கூரமே அசையும்படி சொன்னார்: “நாளைக்கு ஒரே ஒரு மணி. முழு வேகம். அதுக்கப்புறம் நீ எத்தனை தடவை அடிச்சாலும் எனக்குக் கேக்காது. நான்தான் செவிடனாச்சே!”

ஏப்ரல் 19, ஞாயிறு

முடிந்தது.

முழு வேகம் அடித்தேன். கொடிகள் நெருங்கின. பல்லைக் கடித்துக்கொண்டேன். ‘வேண்டாம், கையை எடு, கையை எடு’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் கை போனது. பாதி வேகம் அடித்தேன். நிறுத்து அடித்தேன். கீழே மணி அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணன் அசையவில்லை. சின்னவள் இன்ஜின் முழங்க, முகத்தை நிமிர்த்திக்கொண்டு கரையேறினாள். அப்படி ஒரு அதிர்வை நான் அவள் உடம்பில் உணர்ந்ததே இல்லை. டம்ளர் தாவிக் கவிழ்ந்தது. தண்ணீரெல்லாம் என் கோட்டில். உடையாத டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டேன். பெரியவளைவிட நல்ல உயரத்தில் போய் நின்றாள். கொடிகளுக்குச் சரியாக நடுவே.

பிறகு அண்ணன் தானாக இன்ஜினை நிறுத்தினார். அந்த அமைதி.

மேஸ்திரி ஏணியில் ஏறிவந்து, “சும்மா சொல்லக் கூடாது. இப்படி ஏத்தினவங்க யாருமில்ல” என்றார். நேற்று திட்டிய வாய். நான் என்ன சொல்ல? ஏற்றியது அண்ணன். என் கை கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அதை நினைக்க எனக்குப் பெருமையாக இருக்கிறது. அழுகையும் வந்தது. இரண்டும் சேர்ந்துதான் வந்தது.

சிந்திவிட்டதே! வழக்கப்படி டீ நான்தான் வாங்கவேண்டும். சேற்றுக்கரைக்கு மேலே ரோட்டோரம் ஒரு டீக்கடை. எங்கள் ஆட்கள், சர்வேயர், மேஸ்திரி, வெட்டும் தொழிலாளிகள், நேற்றுக் கயிற்றைப் பிடித்த அந்த ஆள், எல்லாருக்கும் வாங்கினேன். வெட்டுகிறவர்களில் ஒரு பெரியவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “பாத்துப் பண்றோம்மா” என்றார். வேறு யார் அப்படிச் சொல்வார்கள்?

மற்றவர்கள் மேஸ்திரியின் லாரியில் ஏறிக்கொண்டார்கள். எனக்கும் இடம் இருந்தது. ஏறப்போனேன். அப்போது பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது.

“நீந்தப் போறியா, வர்றியா?”

இந்த வாரம் சனி, ஞாயிறு அவளுக்கு லீவு. கேட்டு வாங்கியிருக்கிறாள் இந்த ஷிஃப்டை. நேற்றும் வாங்கியிருக்கிறாள். கால் முழுக்கச் சேறு, கோட்டெல்லாம் ஈரம். ஏறினேன். அவளுக்குப் பின்னால் முதல் சீட்.

பாலத்தில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டேன், பிடிவாதம்தான். ஆனால் காது மூடவில்லை. இன்ஜினைக் கேட்டேன். அவள் கியர் மாற்றுவதைக் கேட்டேன். அவசரமே இல்லை. வளைவு வருவதற்கு முன்பே வேகத்தை விட்டுக்கொடுக்கிறாள், கடைசியில் பிடித்து இழுப்பதில்லை. பக்கத்தில் நின்று வந்த கிழவர் கம்பியைப் பிடிக்காமல் இரண்டு கையாலும் பேப்பரைப் புரட்டுவது கேட்டது. இதையெல்லாம் எப்போது கற்றுக்கொண்டாள்? நான் யாருக்கும் சொல்லித் தந்ததில்லையே. நாக்கை நீட்டிக்கொண்டு தண்ணீர் ஊற்றினாள், அவ்வளவுதானே என்று இருந்தேன்.

“ம்மா. எறங்கு. வந்தாச்சு.”

கண்ணைத் திறந்தேன். எங்கள் தெருமுனை. பஸ் நின்றிருந்தது. எப்போது நின்றது?

சொல்லக் கூடாது என்றுதான் வாயை இறுக்கிக்கொண்டேன். படியில் இறங்கியபின் வந்துவிட்டது.

“ஸ்டாப் வந்ததே தெரியலடி.”

அவள் சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கதவை மூட மறந்துவிட்டாள். பின்னாலிருந்த கார்க்காரன் ஹார்ன் அடித்தான். அடிக்கட்டும் என்று நின்றோம்.

ஏப்ரல் 20, திங்கள்

தண்ணீர் இறைக்கப் போகவேண்டியதில்லை. பழக்கத்தில் கிளம்பித் தெருமுனைவரை போய்விட்டேன்.

மே 10, ஞாயிறு

இப்போது ஞாயிறுதோறும் போகிறேன். முதல் சீட் எனக்கென்று ஆகிவிட்டது. கண்டக்டர் யாரையும் உட்கார விடுவதில்லை.

பாலத்து உச்சியிலிருந்து சேற்றுக்கரை தெரியும். சின்னவளின் புகைபோக்கி போன வாரமே இறங்கிவிட்டது. சுக்கான் அறையைக் கடைசிக்கு விட்டு வைத்திருக்கிறார்கள், பாத்துப் பண்ணுகிறார்கள். இரும்பைச் சின்னத் துண்டுகளாக அடுக்கி லாரியில் ஏற்றுகிறார்கள். அது இதே பாலத்தின்மேல்தான் போகிறது. இன்று பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “பழைய படகு போல” என்றார்.

“கப்பல்” என்றேன். “நான்தான் கேப்டன்.” இறங்கும்வரை அவரை விடவில்லை.

பையில் டம்ளர் கொண்டுபோயிருந்தேன். அக்கரை ஸ்டாண்டில் விளிம்புவரை தண்ணீர் பிடித்து, அவளுக்குத் தெரியாமல் ஜன்னல் ஓரத்தில் வைத்தேன். தெரியாமல் எங்கே? கண்ணாடியில் பார்த்துவிட்டாள். அவள் முதுகு நிமிர்ந்தது. ஒவ்வொரு நிறுத்தமாக வந்தது. ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். தண்ணீர் அசைந்தது, விளிம்பைத் தொட்டது, திரும்பிப் போனது. கண்டக்டரும் டிக்கெட்டை மறந்துவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எங்கள் தெருமுனைக்குச் சற்று முன்னால் ஒரே ஒரு சொட்டு வெளியே விழுந்தது. எதிரே ஒரு நாய் ஓடிவந்தது. அது நாயின் குற்றம்.

வழக்கத்தை மாற்ற முடியாது. டீ அவள்தான் வாங்கினாள்.